ஏழு ‘ஏலியன்’ படங்கள், மூன்று இரவுகள்

“மாமா, ஏலியன் படம் மொத்தம் ஏழு இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது? எனக்கு மூணு ராத்திரிதான் இருக்கு” என்று அக்கா மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான், பொங்கல் லீவில் வந்திருக்கிறான். அரை மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஏழு படங்களையும் திரையரங்கில் வந்த நீளத்தில் கூட்டினால் 842 நிமிடம். அதாவது 14 மணி நேரமும் இரண்டு நிமிடமும். மூன்று இரவில் ஓட்டிவிடலாம்தான். ஆனால் பயம் என்பது தொடர்ந்து சாப்பிடும் பண்டம் கிடையாது, மூன்றாம் நாள் எதுவும் உறைக்காது. எனவே தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். பிரிடேட்டர் என்ற இன்னொரு வேற்றுக்கிரக வேட்டைக்காரனோடு மோதவிட்ட 2004, 2007ஆம் ஆண்டுப் படங்களை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவை வேறு ஆட்டம். 2025இல் வந்த எட்டு எபிசோட் தொடரையும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

வரிசை சொல்வதற்கு முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆறு வருடம் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். 1979இல் வந்த முதல் ‘ஏலியன்’ படத்தைக் கப்பலின் ஸ்மோக் ரூம் என்ற ஓய்வறையில், வாட்ச் (முறை வேலை) முடிந்து வந்த அலுப்போடு, ஃபிட்டரும் இரண்டு மோட்டார்மேன்களும் பக்கத்தில் இருக்கப் பார்த்தேன். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஜந்து எதுவும் வருவதற்கு முன்பே, பார்க்கரும் ப்ரெட்டும் சாப்பாட்டு மேசையில் போனஸ் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். இன்ஜினில் கை வைக்கும் இவர்கள் இருவருக்கும் மேலே இருப்பவர்களைவிடக் குறைந்த பங்கு. அதைக் கேட்ட ஃபிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, “இவங்க நம்ம ஆளுங்கப்பா” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இந்தத் தொடரை அளக்க அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருக்கிறது. ஜந்து ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஒன்றுதான்: நீண்ட மண்டை, வாய்க்குள் இன்னொரு வாய், உடம்பில் அமில ரத்தம். மாறுவது அதன் எதிரே நிற்கும் ஆட்கள். அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்க வந்தவர்களாக இருந்து, அவர்கள் உயிருக்குக் கம்பெனி ஒரு விலை போட்டு வைத்திருந்தால், படம் என்னைக் கட்டிப்போடுகிறது. அவர்கள் கடவுளைத் தேடி வந்தவர்களாகவோ, துப்பாக்கி காட்ட வந்தவர்களாகவோ மட்டும் இருந்தால் கை நழுவுகிறது. முதல் இரண்டு படங்களின் முடிவைச் சொல்ல மாட்டேன். மற்றவற்றில் சில முடிச்சுகளை அவிழ்க்காமல் பேச முடியாது.

கடைசி இடத்திலிருந்து வருகிறேன்.

ஏழாவது, 2017இல் வந்த ‘ஏலியன்: கவனன்ட்’. 2,000 குடியேறிகளை உறக்கத்தில் வைத்து ஏற்றிச் செல்லும் கப்பல். வழியில் ஒரு சிக்னல் கேட்க, யாரும் காலடி வைக்காத கிரகத்தில் இறங்குகிறார்கள், தலைக்கவசம்கூட இல்லாமல். மூடிக்கிடந்த டேங்குக்குள் இறங்கவேண்டும் என்றால் முதலில் மீட்டரை விட்டு ஆக்சிஜன் பார்த்து, மேலே ஒருவனைக் காவல் நிறுத்தி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களை இறங்க விடுவார்கள். ஒரு புதுக் கிரகத்துக்கு அந்த மரியாதைகூட இல்லை. அதன் பிறகு அவர்களுக்கு என்ன நேர்ந்தாலும் எனக்குப் பதறவில்லை. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் டேவிட், வால்ட்டர் என்ற இரண்டு இயந்திர மனிதர்களாக நடிப்பது மட்டும் அழகு. ஒரு பாத்திரம் இன்னொன்றுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்கும் இடமும், ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையை பைரன் எழுதியது என்று டேவிட் தவறாகச் சொல்ல, வால்ட்டர் திருத்தும் இடமும் நினைவில் நிற்கின்றன. என்னால் ஏற்க முடியாதது வேறு. இத்தனை காலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பயமுறுத்திய ஜந்துவை, ஒரு இயந்திர மனிதனின் ஆய்வுக்கூட வேலை என்று காட்டிவிடுகிறார்கள். விடை தெரிந்த பிறகு இருட்டு இருட்டாக இல்லை.

ஆறாவது, 1997இல் வந்த ‘ஏலியன்: ரெசரக்‌ஷன்’. இயக்கியவர் பிரெஞ்சுக்காரரான ழான்-பியேர் ழூனே, எழுதியவர் ஜாஸ் வீடன். கதை 200 வருடம் தள்ளிப்போய்விடுகிறது. முதல் நான்கு படங்களின் நாயகியான ரிப்ளியை (சிகர்னி வீவர்) குளோனிங் செய்து எட்டாவது முயற்சியில் உயிரோடு கொண்டுவருகிறார்கள். படம் முழுக்க விளையாட்டுத்தனம். கூடைப்பந்தை முதுகுப் பக்கமாக எறிந்து வளையத்துக்குள் போடும் காட்சியை சிகர்னி வீவர் நிஜமாகவே போட்டுக்காட்டினார், அந்த உற்சாகம் படத்துக்கும் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு அறை இந்தப் படத்தைக் காப்பாற்றுகிறது. முந்தைய ஏழு முயற்சிகளும் வைத்திருக்கும் அறை. கண்ணாடி உருளைகளுக்குள் கோணிப்போன உடல்கள், கடைசியில் ஒரு மேசையில் இன்னும் உயிரோடு கிடந்து ‘கொன்றுவிடு’ என்று கெஞ்சும் ஏழாவது ரிப்ளி. எட்டாவது ரிப்ளி அதைப் பார்த்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காக ஒருநாள் பார்க்கலாம். மூன்று இரவுக் கணக்கில் இது வராது.

ஐந்தாவது, ‘ப்ரொமீதியஸ்’, 2012. முதல் படத்தை எடுத்த ரிட்லி ஸ்காட் 33 வருடம் கழித்துத் திரும்பி வந்த படம். ஐஸ்லாந்தின் டெட்டிஃபாஸ் அருவியில் எடுத்த தொடக்கக் காட்சியைப் போல ஒரு தொடக்கம் இந்தத் தொடரில் வேறெதற்கும் இல்லை. பெரிய திரையில் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். ஃபாஸ்பெண்டரின் டேவிட் இங்கேதான் அறிமுகம். எல்லோரும் உறங்கும் கப்பலில் தனியாக நடந்து, பழைய படம் ஒன்றைப் பார்த்துத் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்ளும் அந்த இயந்திர மனிதன், உடன் வரும் மனிதர்களைவிட உயிரோட்டமானவன்.

இந்தப் படத்தில் ஒரு காட்சி, அறுவை சிகிச்சைக் காட்சி, முதல் படத்தில் சாப்பாட்டு மேசையில் ஒருவர் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஜந்து வெளியே வரும் காட்சிக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது. எலிசபெத் ஷா என்ற விஞ்ஞானியின் (நோமி ராப்பாஸ்) வயிற்றில் ஏதோ வளர்கிறது. தானியங்கி அறுவைப் பெட்டிக்குள் ஏறிப் படுக்கிறாள். பெட்டி ஆண்களுக்கென்று அமைக்கப்பட்டது, பெண்ணுக்குரிய சிகிச்சை இதில் கிடையாது என்று சொல்கிறது. அவள் வேறு பெயரில் கட்டளை கொடுத்து, மயக்க மருந்துக்குக்கூடச் சரியாக நேரம் இல்லாமல், லேசர் வயிற்றைக் கிழிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். பிறகு உலோக ஊசிகள் டக், டக், டக் என்று தோலைச் சேர்த்துத் தைக்கின்றன. நோமி ராப்பாஸின் மூச்சை இப்போது நினைத்தாலும் என் வயிறு இறுகுகிறது.

அப்படி ஒரு காட்சி இருந்தும் ஏன் ஐந்தாவது? மனிதனைப் படைத்தவர்களைத் தேடி வந்திருக்கும் நிபுணர்களுக்குத் தங்கள் வேலையே தெரியவில்லை. சுரங்கத்தை அளந்து வரைபடம் போடும் கருவிகளைப் பறக்கவிட்டவரே வழி தெரியாமல் தொலைகிறார். உயிரியலாளர் நாகம் போலப் படமெடுக்கும் முன்பின் தெரியாத ஒன்றைக் கொஞ்சப் போகிறார். இந்த ஆட்களை நம்பி எந்த கேப்டன் நங்கூரம் தூக்குவார்? கேப்டன் ஜானெக் (இட்ரிஸ் எல்பா) மட்டும்தான் இந்தப் படத்தில் வேலைக்காரர். வந்து இறங்கும்போது கிறிஸ்துமஸ் மரத்தை ஜோடித்துக்கொண்டிருப்பார், கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. அவரைப் பற்றி இன்னும் அரை மணி நேரம் கொடுத்திருந்தால் இந்தப் படத்தை மேலே தூக்கியிருப்பேன்.

நான்காவது, ‘ஏலியன்: ரோமுலஸ்’, 2024. ஃபெடே அல்வாரெஸ் இயக்கியது, கதை முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவில் நடக்கிறது. தொடக்க இருபது நிமிடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வெயிலே படாத சுரங்கக் காலனி. ரெய்ன் (கெய்லி ஸ்பேனி) ஒப்பந்தத்தில் எழுதிய மணி நேரத்தை வேலை பார்த்து முடித்துவிட்டாள், இனி கிளம்பலாம் என்று கவுன்டரில் போய் நிற்கிறாள். ஆள் பற்றாக்குறை, அளவை உயர்த்திவிட்டோம், இன்னும் ஐந்தாறு வருடம் என்று பதில் வருகிறது. ‘கம்பெனி உங்கள் உழைப்புக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது’ என்கிற தோரணையில் அந்த அலுவலர் பேசுவதைக் கேட்டபோது எனக்குப் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பியது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் எனக்கு மாற்று ஆள் வராமல், அடுத்த துறைமுகம், அடுத்த துறைமுகம் என்று ஏழு வாரம் இழுத்தடித்தார்கள். வீட்டுக்குப் போகும் நாளை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நிற்பது எப்படி என்று அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

அவளோடு வரும் ஆண்டி (டேவிட் ஜான்சன்) பழுதான இயந்திர மனிதன், தம்பி மாதிரி. ரெய்னுக்கு நல்லது எதுவோ அதைச் செய் என்பதுதான் அவனுக்கு அவள் அப்பா இட்ட கட்டளை. நடுவில் அவன் கழுத்தில் வேறொரு சில்லைச் சொருகுகிறார்கள். அப்போதிலிருந்து அவன் கட்டளை, கம்பெனிக்கு நல்லது எதுவோ அது. அதே முகம், அதே குரல், நின்று பேசும் தோரணை மட்டும் மாறிவிடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் தோழி தட்டிக்கொண்டிருக்க, திறக்க மாட்டேன் என்று அவன் கணக்குச் சொல்லும் இடம் இந்தப் படத்தின் உச்சம். ஜந்து செய்யும் எதையும்விட அது எனக்கு அதிகம் வலித்தது. ஈர்ப்புவிசையை நிறுத்திவிட்டுச் சுடுவதும், அமில ரத்தம் காற்றில் மிதக்க அதற்கு இடையில் வளைந்து நெளிந்து போவதும் புதுமையான யோசனை.

இவ்வளவு இருந்தும் மூன்றுக்குள் வராததற்குக் காரணம், பழைய படங்களைப் பார்த்து ஓயாமல் கும்பிடு போடுவது. இரண்டாவது படத்தின் புகழ்பெற்ற வசனத்தை ஆண்டி வாயில் திணித்திருக்கிறார்கள். முதல் படத்தில் நடித்து 2020இல் காலமான இயன் ஹோமின் முகத்தைக் குடும்பத்தின் சம்மதத்தோடு தொழில்நுட்பத்தால் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். சம்மதம் இருந்தாலும் எனக்கு அது உறுத்தல். தன் கால்களிலேயே நன்றாக நிற்கக்கூடிய படம் எதற்காக இறந்தவரைத் துணைக்கு அழைக்க வேண்டும்?

மூன்றாவது இடத்தில்தான் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1992இல் வந்த ‘ஏலியன் 3’. டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம், எடுக்கும்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இந்தப் படம் உருவான கதையே ஒரு துயரம். வில்லியம் கிப்சன் ஒரு திரைக்கதை எழுதினார். வின்சென்ட் வார்டு மரத்தால் ஆன ஒரு கோளில் துறவிகள் வாழ்வதாக இன்னொன்று யோசித்தார். ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்பு தொடங்கியது. ஸ்டுடியோவோடு நாள்தோறும் மோதல். ஃபின்ச்சர் இன்றுவரை இதைத் தன் படம் என்று ஏற்றுக்கொள்வதில்லை. 2003இல் நீண்ட பதிப்பைத் தொகுத்தபோதும் அவர் அதில் கை வைக்கவில்லை.

ரசிகர்களுக்கு இதன் மேல் இருக்கும் கோபம் நியாயமானது. இரண்டாவது படத்தில் ரிப்ளி உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய சிறுமி நியூட்டும், வீரன் ஹிக்ஸும் இங்கே பெயர் ஓடும்போதே செத்துவிடுகிறார்கள். பார்த்த அன்று எனக்கும் கோபம் வந்தது. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது, அந்தக் கோபத்தையே படம் தன் பொருளாக எடுத்துக்கொள்வது புரிந்தது. இது துக்க வீட்டுப் படம். ரிப்ளி சிறுமியின் உடலைக் கூறாய்வு செய்யச் சொல்லிப் பக்கத்தில் நிற்கிறாள். உள்ளே ஜந்து இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும், காரணத்தையோ வெளியே சொல்ல முடியாது. எலும்பு அறுபடும் ஓசை கேட்கிறது. கேமரா அவள் முகத்தை விட்டு அகலுவதில்லை.

பிறகு அந்த உலை. ஃபியோரினா 161 என்ற கோளில் கைவிடப்பட்ட சிறை, ஈயம் உருக்கும் ஆலை. இருபத்துச் சொச்சம் கைதிகள், சிறையை மூடிய பிறகும் உலை அணையாமல் பார்த்துக்கொள்வதற்காக அங்கேயே தங்கிவிட்டவர்கள். ஒரு துப்பாக்கி கிடையாது. மொட்டைத் தலை, அழுக்குச் சட்டை, டில்லன் என்ற ஒரு தலைவன் (சார்லஸ் டட்டன்) சொல்லிக்கொடுக்கும் கடவுள். இரண்டு உடல்களையும் உலைக்குள் இறக்கும்போது டில்லன் பேசும் இரங்கல் உரையையும், அதே நேரத்தில் வேறு மூலையில் ஜந்து பிறப்பதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். எலியட் கோல்டன்தாலின் இசை அங்கே தேவாலயத்துக்குள் நிற்பது போல இருக்கும்.

கைதிகளிடம் இருப்பதெல்லாம் அவர்களுடைய ஆலைதான். எந்தக் கதவு எந்தச் சுரங்கப் பாதையை அடைக்கும், உருகிய ஈயம் எங்கே விழும், அதன் மேல் குளிர்ந்த நீர் பட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவர்கள் தொழிலையே ஆயுதமாக்குகிறார்கள். மேலே கம்பெனியின் கப்பல் வந்துகொண்டிருக்கிறது, அவர்களைக் காப்பாற்ற இல்லை, ஜந்துவை எடுத்துப்போக. இந்த நிலைமையில் டில்லன் அந்தக் கூட்டத்தைத் திரட்டும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

ஆனால் ஒரு நிபந்தனை. 114 நிமிடத் திரையரங்கப் பதிப்பைப் பார்த்தால் என்னைத் திட்டுவீர்கள். 145 நிமிடம் ஓடும் 2003ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பாருங்கள். அதில்தான் கைதிகள் ஜந்துவைப் பிடித்து அடைத்துவிடுவதும், அவர்களில் மனம் பேதலித்த ஒருவன் அதைத் திறந்துவிடுவதும் இருக்கிறது. சிறிய பதிப்பில் அந்தப் பகுதியையே வெட்டி எறிந்ததால் பாதிப் பேர் யார் என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பார்கள். முடிவும் நீண்ட பதிப்பில் அமைதியானது, நல்லது.

அப்புறம் மிஞ்சுவது இரண்டு. எங்கே ‘ஏலியன்’ பேச்சு வந்தாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி: 1979ஆ, 1986ஆ? ரிட்லி ஸ்காட்டா, ஜேம்ஸ் கேமரூனா?

1986இல் கேமரூன் எடுத்த ‘ஏலியன்ஸ்’ இரண்டாவது இடம் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. அடுத்த பாகம் எப்படி எழுத வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். ஒரு ஜந்து இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கில் வைத்தார்கள் என்று சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். கேமரூன் செய்தது அதைவிடப் பெரியது. 57 வருடம் உறக்கத்தில் மிதந்துவிட்டு ரிப்ளி திரும்பி வருகிறாள். வந்தவளை உட்கார வைத்து விசாரணை. இறந்தவர்களைப் பற்றியா? 4.2 கோடி டாலர் மதிப்புள்ள கப்பலைப் பற்றி. உரிமத்தைப் பறித்துவிடுகிறார்கள். சரக்கு மேடையில் லோடர் ஓட்டும் வேலைக்குப் போகிறாள். ஒரு அதிகாரியைக் கிடங்கில் சுமை ஏற்ற அனுப்பியிருக்கிறார்கள், அதை அவமானமாக நினைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். பின்னால் ராணுவக் கப்பலில், இவள் சும்மா வந்தவள் என்று பார்க்கும் வீரர்கள் முன்னால் அந்த லோடரில் ஏறிக் காலை எடுத்து வைத்து, பெட்டியைத் தூக்கி, “எங்கே வைக்கணும்?” என்று கேட்பாள். அந்தச் சிரிப்பைப் பாருங்கள். அந்த லோடர் பிறகு எதற்குப் பயன்படுகிறது என்பதை நான் சொல்ல மாட்டேன்.

பயத்திலும் இது குறைந்ததில்லை. வீரர்கள் கையில் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது. கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டு அறைக்குள் நிற்கிறார்கள். கருவி பீப், பீப் என்கிறது. எட்டு மீட்டர், ஏழு, ஆறு. அவ்வளவு தூரம் இல்லையே, அது இந்த அறைக்குள் அல்லவா வருகிறது? கருவி பழுதா? இல்லை, சரியாகத்தான் காட்டுகிறது. யாருக்கும் ஒன்றும் புரியாத அந்த நொடியில் ரிப்ளியின் கண் மெதுவாக மேலே போகிறது. கூரையில் இருக்கும் பலகைகளைப் பார்க்கிறாள். எத்தனை தடவை பார்த்தாலும் நானும் அவளோடு சேர்ந்து தலையைத் தூக்குகிறேன்.

வீரர்களின் தளபதி கோர்மன், இதையும் சேர்த்து இரண்டே தடவை களத்தில் இறங்கியவன். ரியாக்டருக்கு அடியில் சுட்டால் எல்லோரும் காலி என்று நடுவழியில் தெரிந்து, இருக்கும் தோட்டாக்களைத் திரும்ப வாங்கச் சொல்கிறான். கம்பெனி ஆள் பர்க், சிரித்த முகத்தோடு, லாபத்தில் வரும் சதவீதத்துக்காக எதையும் செய்யத் தயாராக இருக்கிறான். அந்தப் பெரிய ஆலைக் காட்சிகளை லண்டனில் மூடிக்கிடந்த ஆக்டன் லேன் மின்நிலையத்தில் எடுத்தார்கள். அந்தக் குழாய்களும் கிராதித் தளங்களும் செட் கிடையாது என்பது பார்த்தாலே தெரிகிறது. ராணி ஜந்துவை ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் நிஜ உருவமாகவே செய்தார்கள், உள்ளே ஆட்கள் இருந்து இயக்கினார்கள். ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள், இரண்டு விருதுகள். சிறந்த நடிகைக்கான பரிந்துரையில் வீவரின் பெயர் இருந்தது, இந்த வகைப் படத்துக்கு அது அபூர்வம்.

எந்தப் பதிப்பு? 154 நிமிடம் ஓடும் நீண்ட பதிப்பில் ரிப்ளிக்கு ஒரு மகள் இருந்தாள், அம்மா உறக்கத்தில் இருக்கும்போதே முதுமையடைந்து இறந்துபோனாள் என்கிற பகுதி இருக்கிறது. நெஞ்சை அறுக்கும் பகுதி. ஆனாலும் முதல் தடவைக்கு 137 நிமிடப் பதிப்புதான் சரி. நீண்டதில் காலனி மக்களை முன்கூட்டியே காட்டிவிடுகிறார்கள். அவர்களை ஒருமுறைகூடப் பார்க்காமல், வீரர்களோடு சேர்ந்து அந்த வெறிச்சோடிய தாழ்வாரத்துக்குள் நுழைய வேண்டும்.

இனி முதல் இடம். கப்பலின் பெயர் நோஸ்ட்ரோமோ, அதிலிருக்கும் உயிர்காப்புப் படகின் பெயர் நார்சிசஸ். இரண்டும் கடலோடியாக இருந்து எழுத்தாளரான ஜோசப் கான்ராடின் தலைப்புகளிலிருந்து வந்தவை. 2 கோடி டன் கனிமத்தை இழுத்துக்கொண்டு வீடு திரும்பும் கப்பல். ஆட்கள் ஏழு பேர், ஒரு பூனை. நடுவழியில் கம்ப்யூட்டர் எல்லோரையும் எழுப்புகிறது. ஏதோ ஒரு சிக்னல். நமக்கென்ன, இது மீட்புக் கப்பல் இல்லையே என்கிறார் பார்க்கர். உடனே ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வாசிக்கப்படுகிறது: இப்படி ஒரு சிக்னல் வந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்கும் போய்விடும். பிறகென்ன, இறங்குகிறார்கள். வீரமோ ஆர்வமோ அவர்களை அந்தக் கோளுக்குக் கொண்டுபோகவில்லை, சம்பளம் கொண்டுபோனது. கப்பலில் வேலை பார்த்த எவனுக்கும் இதைவிட நம்பத்தகுந்த தொடக்கம் கிடையாது.

கதையை எழுதியவர் டான் ஓபேனன். தீராத குடல் நோயால் வயிற்று வலியை அனுபவித்தவர், அந்த வலியிலிருந்துதான் சாப்பாட்டு மேசைக் காட்சி பிறந்தது. தயாரிப்பாளர்களான வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திரைக்கதையைத் திருத்தி எழுதியபோது, கப்பலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் கம்பெனியின் சூதைச் சேர்த்தார்கள். இந்தச் சேர்மானம்தான், வெறும் ஜந்துப் படமாக முடிந்திருக்கக்கூடியதை நாற்பத்தைந்து வருடம் நிற்க வைத்தது. மேசைக் காட்சியில் என்ன நடக்கும் என்று நடிகர்களுக்கு ஓரளவு தெரியும், ரத்தம் எவ்வளவு தெறிக்கும் என்று சொல்லவில்லை. வெரோனிகா கார்ட்ரைட் முகத்தில் அடித்ததும் அவர் அலறுவது நடிப்பு இல்லை.

ஜந்துவை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் கீகர். உடைக்குள் நின்றவர் பொலாஜி படேஜோ என்ற மிக உயரமான நைஜீரிய இளைஞர். இரண்டு மணி நேரப் படத்தில் அது கண்ணில் படுவது சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் நாம் பார்ப்பது குழாய்களையும் நிழல்களையும்.

இங்கே ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ப்ரெட் பூனையைத் தேடிப் போகிறார். உயரமான ஒரு அறை. மேலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, லேசாக ஆடி ஒன்றோடொன்று உரசுகின்றன. எங்கிருந்தோ நீர் சொட்டுகிறது. ப்ரெட் அதற்கு அடியில் போய் நின்று முகத்தை அண்ணாந்து, நீரைத் தொப்பியிலும் நெற்றியிலும் வாங்கிக்கொள்கிறார். இயக்குநர் அவசரப்படுவதே இல்லை. புழுக்கத்தில் வேலை பார்த்த ஒரு மனிதனுக்குக் கிடைத்த அரை நிமிட சுகம், அவ்வளவுதான்.

எங்கள் கப்பலில் இரவில் இன்ஜின் ரூம் ஆளில்லாமல் ஓடும். அலாரம் அடித்தால் முறைக்காரன் தனியாக இறங்க வேண்டும். இறங்கும்போது டெட் மேன் அலாரத்தைப் போட்டுவிட்டு இறங்குவோம், சொன்ன நேரத்துக்குள் பொத்தானை அழுத்தாவிட்டால் மேலே மணி அடித்து ஆட்கள் தேடி வருவார்கள். ஒரு இரவு பில்ஜ் அலாரம் (கப்பலின் அடியில் நீர் சேர்ந்தால் அடிப்பது) அடித்து, மணி மூன்று இருக்கும், நான் மட்டும் கீழ்த்தளத்தில் நின்றேன். தலைக்கு மேல் செயின் பிளாக், அதாவது சுமை தூக்கும் சங்கிலி, கப்பலின் ஆட்டத்தில் கிண்கிண் என்று ஆடியது. குழாயில் வேர்த்த நீர் ஒன்று கழுத்தில் சொட்டியது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. இன்ஜின் ரூமை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துவைத்திருக்கும் படம் இதுவரை வேறொன்றை நான் பார்த்ததில்லை. ‘ஏலியன்ஸ்’ பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், படம் முடிந்ததும் கை தட்டலாம். ‘ஏலியன்’ பார்த்துவிட்டு அன்று இரவு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போக முடியாது. அதனால்தான் அது முதலில்.

ஆக, முடிவு. ஒரே இரவுதான் என்றால் ‘ஏலியன்’. இரண்டு என்றால் அடுத்த நாள் ‘ஏலியன்ஸ்’. நண்பர்கள் கூட்டமாக இருந்தாலும் முதல் படத்தைத் தாண்டி இரண்டாவதுக்குத் தாவ வேண்டாம், ரிப்ளி எதற்காக அலறி விழித்துக்கொள்கிறாள் என்று தெரியாமல் அந்தப் படத்துக்குள் போக முடியாது. மூன்றாம் இரவுக்கு ‘ஏலியன் 3’, நீண்ட பதிப்பு. அந்தத் துக்கம் இப்போது வேண்டாம் என்று தோன்றினால் அதற்குப் பதிலாக ‘ரோமுலஸ்’. பிரமாண்டமான காட்சிகளில் ஆசை உள்ளவர்கள் பின்னொரு நாளில் ‘ப்ரொமீதியஸ்’ பார்க்கலாம்.

கதை நடக்கும் வருட வரிசையில் மட்டும் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் 2093இல் நடக்கும் ‘ப்ரொமீதியஸ்’ முதலில் வந்துவிடும். 2122இல் நடக்கும் முதல் படத்தில் மூன்று பேர் பாழடைந்த விண்கலத்துக்குள் ஏறி, இருக்கையோடு இருக்கையாக உறைந்துபோன ஒரு ராட்சத உருவத்தைக் கண்டு நிற்பார்கள். விலா எலும்புகள் உள்ளிருந்து வெளியே வளைந்திருக்கும். அந்த உருவத்தைப் பெரிதாகக் காட்ட ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே விண்வெளி உடை மாட்டி நிற்க வைத்தார். அது யார், எங்கிருந்து வந்தது என்று ஒன்றும் தெரியாமல் அந்த இடத்தில் நிற்பதுதான் அனுபவம்.

நேற்று இரவு மருமகன் முதல் படத்தைப் பார்த்து முடித்தான். ஒரு மணிக்கு மெசேஜ் வந்தது: “மாமா, அந்த ஆள் பூனையைத் தேடி எதுக்குத் தனியாப் போனான்?” ஏழு பேர்தானே, அனுப்ப வேறு ஆள் எங்கே என்று எழுதினேன். அடுத்த இரவுக்கு 137 நிமிடப் பதிப்பு, மறக்காதே என்றும் சேர்த்து அனுப்பினேன்.